மண்ணின் நாடியை யார் பார்ப்பது?

என் மகள் யு.கே.ஜி. படித்தபோது, மேடையேறிப் பாட்டுச் சொல்ல வேண்டிய ஒவ்வொரு நாளும் காலையில் வாந்தி எடுப்பாள். காய்ச்சல் இருக்காது. சாப்பாட்டிலும் கோளாறு இருக்காது. உள்ளங்கை சில்லிட்டிருக்கும், நெஞ்சில் கைவைத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு மாதம் இப்படியே போனபின் வகுப்பாசிரியை எங்களை அழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “மேடம், நீங்க வேலைக்குப் போறீங்களா?” இரண்டாவது கேள்வி, “சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?” பக்கத்து நாற்காலியில் என் கணவரும் உட்கார்ந்திருந்தார். அவரும் வேலைக்குப் போகிறவர்தான். என்னைவிடத் தாமதமாக வீடு திரும்புகிறவர். அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை.

வீட்டில் மாமியார் சொன்னார்: “நாங்களும் நாலு பிள்ளை வளர்த்தோம். இப்படி ஒண்ணையும் பாத்ததில்ல.” அவர் என்னைக் குற்றம் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அது என் மீதுதான் விழுந்தது. ஒரு குழந்தையின் வயிறு புரண்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் தாய் என்பதில் படித்த ஆசிரியைக்கும் படிக்காத மாமியாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டபிள்யூ. தாமஸ் பாய்ஸ் எழுதி 2019இல் வெளியான ‘தி ஆர்க்கிட் அண்ட் தி டான்டலியன்’ நூலை வாசித்தேன். சிறு குழந்தைகளின் உடல், மனச் சவால்களையும் உடற்சவால்களையும் எப்படி எதிர்கொள்கிறது என்று பல பத்தாண்டுகள் அளந்து பார்த்தவர் அவர். என் மகளின் சில்லிட்ட உள்ளங்கைக்கு அந்த நூலில் விளக்கம் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் எனக்கு நேர்ந்ததற்கு விளக்கம் அதில் இல்லை. விளக்குவதற்குத் தேவையான ஆதாரங்கள் மட்டும் அதிலும், அது சார்ந்திருக்கும் ஆய்வு மரபிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் சோதனைக்கூடத்துக்குள் போவோம். மூன்று முதல் எட்டு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையின் உடலில் இதயத்தின் இயக்கத்தைப் பதிவுசெய்யும் சிறு மின்முனைகள் ஒட்டப்படுகின்றன. அமைதியான ஒரு கதை வாசித்துக் காட்டப்படுகிறது. ஓய்வில் அந்த உடல் எப்படி இருக்கிறது என்று அப்போது அளக்கிறார்கள். அதன்பின் சவால்கள் வருகின்றன. முன்பின் தெரியாத ஒருவர் குழந்தையிடம் அதைப் பற்றிக் கேள்விகள் கேட்பார். சில எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்; எண்வரிசை நீண்டுகொண்டே போகும். நாக்கில் எலுமிச்சைச் சாறு சொட்டுவார். மனதைக் கலக்கும் ஒரு படத்துண்டைக் காட்டுவார். சமூகம், அறிவு, உடல், உணர்ச்சி என்று நான்கு வகைச் சவால்கள். ஒரு குழந்தையின் அன்றாடத்தில் நடக்காதது இவற்றில் எதுவும் இல்லை. புது டீச்சர், வாய்ப்பாடு, கசப்பு மருந்து, இரவில் கேட்கும் சண்டை என்று நம் வீட்டுப் பெயர்களை இட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சவால்களுக்கு உடல் இரண்டு வழிகளில் பதில் சொல்கிறது. ஒன்று உடனடி வழி. பரிவு நரம்பு மண்டலம் சில நொடிகளில் இதயத்தை முடுக்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் வண்டியின் பிரேக் போல இதயத்தைப் பிடித்து வைத்திருப்பது. சவால் வரும்போது அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, சவால் போனதும் மறுபடி பிடிக்கிறது. மற்றது தாமதமான வழி. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் செய்தி அனுப்ப, கார்டிசோல் சுரக்கிறது. இருபது முப்பது நிமிடங்களில் அது உமிழ்நீரில் தெரிந்துவிடும். பஞ்சுத்துண்டு ஒன்றைச் சப்பக் கொடுத்தால் போதும், ஊசி தேவையில்லை. குழந்தைகளிடம் இந்த ஆய்வுகள் பெருகியதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

கார்டிசோல் விஷமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் அது உயர்ந்து, மாலைக்குள் படிப்படியாகத் தணிகிறது. சவால் வரும்போது உடலின் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுப்பதும் அதுதான். உயர்வது குற்றமல்ல. உயர்ந்தது தணிய வழியில்லாமல் நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்பதுதான் கேடு.

பாய்ஸின் ஆய்வுகளில் ஒரே எலுமிச்சைச் சொட்டு எல்லாக் குழந்தைகளின் உடலிலும் ஒரேமாதிரி வேலை செய்யவில்லை. பெரும்பாலான குழந்தைகளின் உடல் சற்றே அசைந்து அடங்கிவிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தையின் உடல் மட்டும் பெரிதாகக் கொந்தளித்தது. இவர்கள்தான் நோஞ்சான்கள் என்று முடிவுகட்டுவது எளிது. அவரும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு அதை அனுமதிக்கவில்லை. நெருக்கடியான சூழலில் வாழ்ந்த, எளிதில் கொந்தளிக்கும் உடல்கொண்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் போன்ற சுவாசநோய்கள் எல்லாரையும்விட அதிகம் வந்தன. அதேமாதிரி உடல்கொண்ட குழந்தைகள் நெருக்கடி குறைந்த சூழலில் இருந்தபோது, எல்லாரையும்விடக் குறைவாகவே நோயுற்றார்கள். அந்த உடல் பலவீனமான உடலல்ல, திறந்திருக்கும் உடல். கெட்டதைப் போலவே நல்லதையும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது.

இதை விளக்கத்தான் அவருக்குப் பூக்கள் தேவைப்பட்டன. டான்டலியன் என்பது மேலைநாடுகளில் சாலையோரச் சந்துகளில்கூட மஞ்சளாகப் பூத்துவிடும் களைச்செடி. ஆர்க்கிட் பக்குவம் பார்த்து வளர்க்க வேண்டியது. பக்குவம் தவறினால் வாடும், அமைந்தால் அதன் அழகுக்கு ஈடில்லை. நூலில் பாய்ஸ் தன் தங்கை மேரியின் கதையையும் சொல்கிறார். ஒரே வீட்டில், ஏறத்தாழ ஒரே வயதில், விளையாட்டுத் தோழர்களாக வளர்ந்த இருவர். அவர் பேராசிரியரானார். தங்கை மனநோயில் உழன்று தற்கொலை செய்துகொண்டார். ஓர் அண்ணனின் துக்கத்திலிருந்து எழுந்த நூல் என்பதால் குழந்தைகளிடம் அது காட்டும் பரிவு பொய்யில்லாதது. தொட்டதற்கெல்லாம் அழும் குழந்தையை “அடம்”, “செல்லம் குடுத்துக் கெட்டது” என்று ஒதுக்கும் நம்மில் பலருக்கு அந்தப் பரிவு ஒரு பாடம்.

ஆனால் உவமைகள் தாம் வெளிச்சம் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இருட்டையும் உண்டாக்கும். குழந்தையைப் பூவாக்கினால் அதைச் சுற்றியிருக்கும் மனிதர்கள் என்னவாகிறார்கள்? மண்ணாக, நீராக, நிழலாக ஆகிறார்கள். மண்ணுக்கு உடல் கிடையாது. மண் களைத்துப்போகாது, மண்ணுக்கு மேலதிகாரி இல்லை, சம்பளப் பிடித்தம் இல்லை, மாதவிடாய் இல்லை. பூ வாடினால் மண் சரியில்லை என்று சொல்லிவிடலாம். மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சோதனைக்கூடத்தில் மின்முனைகள் குழந்தையின் மார்பில் ஒட்டப்பட்டிருக்கின்றன. வெளியே காத்திருக்கும் பெண்ணின் நாடியை யாரும் பார்ப்பதில்லை. அவள் ‘சூழல்’.

சூழல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் தாய் என்று மொழிபெயர்த்துக்கொள்வது தானாக நிகழ்ந்ததல்ல. அதற்கொரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் ஆலைகளுக்குப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. அரசுச் செலவில் குழந்தைகள் காப்பகங்கள் திறக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவை மூடப்படத் தொடங்கின. ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை 1951இல் வந்தது. வீடிழந்த, நிறுவனங்களில் விடப்பட்ட குழந்தைகளைப் பற்றிய அறிக்கை அது. தாயின் அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரின் அன்பும் நெருக்கமும் குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதவை என்றது. மூடலுக்கு அறிக்கை காரணமல்ல. மூடல் முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் மூடியவர்களுக்கு அது கைகொடுத்தது. அனாதை விடுதியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த குழந்தையைப் பற்றிய கவலை, எட்டு மணிநேரம் வேலைக்குப் போய்வரும் அம்மாவின் மீதான குற்றச்சாட்டாக உருமாறியது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம், குழந்தையின் ஆட்டிசத்துக்குப் பெற்றோரின், முக்கியமாகத் தாயின், உள்ளூர நிலவும் புறக்கணிப்பைக் காரணமாகக் காட்டி ஒரு நூலே எழுதினார். அந்தக் கருத்து தவறென்று பின்னர் நிறுவப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்து முடித்திருந்தார்கள்.

இதே வரிசையில் வருவதுதான் மேரி ஐன்ஸ்வொர்த்தின் ‘அந்நியச் சூழல்’ சோதனை. ஒரு வயதையொட்டிய குழந்தை, அதன் தாய், பொம்மைகள் நிறைந்த அறை, முன்பின் தெரியாத ஒரு பெண். எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று நிமிடம். தாய் வெளியே போவாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள், வருவாள். அவள் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதை வைத்து அதன் பற்றுறவு வகைப்படுத்தப்படும். அழுது, அம்மாவிடம் ஓடி, தேறி, மறுபடி விளையாடப் போனால் பாதுகாப்பான பற்று. திரும்பிப் பார்க்காமல் பொம்மையோடு இருந்தால் விலகும் பற்று. தேறாமல் அழுதுகொண்டே இருந்தால் எதிர்க்கும் பற்று.

ஐன்ஸ்வொர்த்தின் வாழ்க்கையை அறியும்போது இந்தச் சோதனை வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. கணவரின் வேலை எங்கே கிடைத்ததோ அங்கெல்லாம் கூடவே போனவர் அவர். லண்டனுக்கு, பிறகு உகாண்டாவுக்கு, பிறகு பால்டிமோருக்கு. போன இடத்திலெல்லாம் தன் ஆய்வைப் புதிதாகத் தொடங்கினார். பால்டிமோரில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு அவருடைய குழுவினர் திரும்பத் திரும்பப் போய், குழந்தையின் முதல் ஆண்டில் குடும்பத்துக்கு ஏறத்தாழ 72 மணிநேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த உழைப்பின் துணைக்கருவிதான் இருபது நிமிடச் சோதனை. காலப்போக்கில் 72 மணிநேரம் மறக்கப்பட்டது. இருபது நிமிடம் தங்கிவிட்டது. வீட்டுக்குள் போய் உட்காருவது செலவு பிடிக்கும் வேலை. கதவைத் திறந்து மூடுவது மலிவு. மலிவான அளவுகோல்களால்தான் தாய்மார்கள் அளக்கப்படுகிறார்கள்.

1980களில் ஜப்பானின் சப்போரோ நகரத்தில் கெய்கோ தகஹாஷி இதே சோதனையை நடத்தினார். எதிர்க்கும் பற்றுள்ள குழந்தைகள் அங்கே அமெரிக்காவைவிட அதிகமாகத் தென்பட்டார்கள். ஜப்பானியத் தாய்மார்கள் மோசமானவர்களா என்றால் இல்லை. ஒரு வயதுவரை தாயைவிட்டு அநேகமாகப் பிரிந்தே இராத குழந்தையைத் தனியறையில் விட்டால் அது அமெரிக்கக் குழந்தைக்கு நேர்வதைவிடப் பல மடங்கு பெரிய அதிர்ச்சி. ஒரே சோதனை என்று நாம் நினைத்தது இரண்டு ஊர்களில் இரண்டு சோதனைகளாக இருந்தது. ஆறேழு பேர் மடியில் மாறிமாறி வளரும் குழந்தைக்கு அது மூன்றாவது வகைச் சோதனையாக இருக்கும்.

இந்த மரபை மறுக்க நாம் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. குழந்தையின் உடலை அளந்தவர்களே அதை உள்ளிருந்து உடைத்திருக்கிறார்கள். மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அழாத குழந்தையைப் பற்றியது. அம்மா திரும்பி வந்தும் ஏறெடுத்துப் பார்க்காமல் பொம்மையோடு இருக்கும் குழந்தையை நாம் சமத்து என்போம். 1977இல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் இதயத்துடிப்பை வைத்துப் பார்த்தார்கள். முகம் அமைதியாக இருந்தது. இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. 1993இல் ஜெர்மனியின் காட்ஃப்ரீட் ஸ்பாங்லரும் கிளவுஸ் கிராஸ்மனும் கார்டிசோலையும் சேர்த்து அளந்தார்கள். அழுது அம்மாவிடம் தேறிய குழந்தைகளுக்குக் கார்டிசோல் ஏறவில்லை. அழாமல் விலகியிருந்த குழந்தைகளுக்கு ஏறியிருந்தது. “அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை உமிழ்நீர் உறுதிசெய்கிறது. அழுகை என்பது கேட்பது. கேட்டால் கிடைக்கும் என்று நம்பும் உடல் அழுகிறது, பிறகு தணிகிறது. கேட்டுப் பயனில்லை என்று கற்றுக்கொண்ட உடல் சத்தமில்லாமல் எரிகிறது. அடக்கமான பெண்குழந்தையைக் கொண்டாடும் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இதைப் படிக்கும்போது நம் சொந்தப் பால்யம் நினைவுக்கு வராமல் இருக்காது. “எம் பொண்ணு வாயே திறக்க மாட்டா” என்ற பெருமையின் கீழே எத்தனை இதயங்கள் அப்படி அடித்துக்கொண்டிருந்தனவோ.

இரண்டாவது, தடுப்பூசியைப் பற்றியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னரும் சக ஆய்வாளர்களும் இரண்டு மாதத்திலிருந்து பதினைந்து மாதம்வரை தடுப்பூசி போடும் குழந்தைகளின் உமிழ்நீரை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் ஊசி ஏறியதும் கார்டிசோலும் ஏறியது. வளர வளர அந்த ஏற்றம் குறைந்தது. பதினைந்து மாதத்தில் குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. சராசரியாகப் பார்த்தால் கார்டிசோல் ஏறவில்லை. மேலே சொன்னதன் மறுபக்கம் இது. அழாததெல்லாம் அமைதியல்ல, அழுவதெல்லாம் சேதமல்ல. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வீறிட்டு அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றியிருப்பவர்களின் பார்வையில் கூனிக் குறுகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அந்த மடி வேலை செய்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது ஆய்வுதான் என் வாதத்துக்கு அச்சாணி. 1992இல் கன்னர் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளைத் தாயிடமிருந்து அரைமணி நேரம் பிரித்து, ஒரு பராமரிப்பாளரிடம் விட்டார்கள். ஒரு சோதனையில், பராமரிப்பாளர் குழந்தை அழுதால் மட்டும் கவனித்துவிட்டு, அடங்கியதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மற்றதில், அவர் குழந்தையின் அருகில் உட்கார்ந்து இதமாகப் பேசி விளையாடினார். முதல் நிலையில் கார்டிசோல் ஏறியது. இரண்டாவதில் அந்த ஏற்றம் இல்லை. இரண்டிலும் தாய் இல்லை. இரண்டிலும் இருந்தவர் குழந்தைக்கு அந்நியர். மாறியது ஒன்றே ஒன்று: அவருக்குக் கை ஓய்வாக இருந்ததா, மனம் குழந்தையின் பக்கம் இருந்ததா என்பது.

இந்த ஓர் ஆய்வை ஒழுங்காக வாசித்திருந்தால் பின்னால் வந்த பெரிய கூச்சலைத் தவிர்த்திருக்கலாம். 1990களின் பிற்பகுதியிலிருந்து, காப்பகங்களில் இருக்கும் சிறு குழந்தைகளுக்கு முற்பகலிலிருந்து பிற்பகலுக்குள் கார்டிசோல் ஏறுகிறது, அதே குழந்தைகள் வீட்டில் இருக்கும் நாளில் வழக்கம்போலத் தணிகிறது என்று அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. உண்மைதான். ஏறும் அளவு கவனிப்பின் தரத்தைப் பொறுத்து மாறியது என்பதும் அந்த ஆய்வுகளிலேயே இருந்தது. ஆனால் பொதுப்பேச்சில் அது ‘அம்மா வேலைக்குப் போனால் குழந்தைக்கு மன அழுத்தம்’ என்று சுருங்கியது. ஒரு பெண்ணிடம் எத்தனை குழந்தைகளை ஒப்படைக்கிறோம், அவளுக்கு என்ன கூலி தருகிறோம் என்ற கேள்வி, இன்னொரு பெண் ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்ற கேள்வியால் மறைக்கப்பட்டது.

இந்த வெளிச்சத்தில் பாய்ஸிடம் திரும்புவோம். 1995 ஆய்வில் ‘நெருக்கடியான சூழல்’ என்று சொன்னேனே, அது இரண்டு ஆய்வுகளின் தொகுப்பு. அவற்றில் ஒன்று குடும்பத்தின் நெருக்கடிகளை அளந்தது. மற்றது காப்பகத்தின் நெருக்கடிகளை அளந்தது. சூழல் என்றால் தாய் என்ற சமன்பாடு அதன் மூலப் பிரதியிலேயே இல்லை. 2012இல் அவரும் சக ஆய்வாளர்களும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 29 கிண்டர்கார்டன் வகுப்புகளில் 338 குழந்தைகளைக் கவனித்து எழுதியது இன்னும் முக்கியமானது. ஐந்து வயதுக் குழந்தைகளுக்குள்ளேயே மேல்-கீழ் அடுக்கு உருவாகிவிடுகிறது. யார் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்கள், யாரைத் தள்ளிவிட்டு ஊஞ்சலில் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் அது தெரியும். கீழ்ப்படியில் இருந்த குழந்தைகளிடம் மனச்சோர்வும் கவனச்சிதறலும் கூடுதலாக இருந்தன. ஆசிரியர் குழந்தைகளைத் தரம்பிரிக்காமல் நடத்திய வகுப்புகளில் அந்தப் பாதிப்பு குறைந்தது. குழந்தையின் உடலை ஆண்டாண்டாக அளந்த ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் படிநிலை. இந்த இடத்துக்குப் பெண்ணியம் வேறு பாதையில் எப்போதோ வந்துவிட்டது.

அப்படியிருந்தும் நூலின் பின்பகுதி அந்தப் படிநிலையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கான அறிவுரைகளில் போய் நிற்கிறது. வீட்டில் ஒழுங்கு, அன்பு, விளையாட்டு, குழந்தையின் தனித்தன்மையை ஏற்றல். எதுவும் தவறில்லை. ஆனால் ‘பெற்றோர்’ என்ற பொதுப்பாலில் எழுதப்படும் அறிவுரை எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு அதைப் படிப்பவள் யார் என்றும் தெரியும். என் குழந்தை ஆர்க்கிட்டா என்ற கேள்வியோடு அவள் நூலைத் திறக்கிறாள். அப்படியென்றால் நான் இன்னும் நல்ல மண்ணாக வேண்டும் என்ற முடிவோடு மூடுகிறாள். நூலாசிரியர் இதை நினைத்து எழுதவில்லை. நூல் இதைத் தடுக்கவும் இல்லை.

சரி, இதையெல்லாம் நம் ஊரில் எங்கே பொருத்திப் பார்ப்பது? 1992 ஆய்வின் பராமரிப்பாளர் நம் ஊரில் யார் என்று கேட்டால் போதும். அவர் அங்கன்வாடிப் பணியாளர். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு உட்காரும் பொறுப்பு அவருடையது. அவருக்குத் தரப்படுவதன் பெயர் சம்பளமல்ல, மதிப்பூதியம். பணிக்கொடை பெற அவருக்கு உரிமை உண்டு என்பதற்கே 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது, கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது, கணக்கெடுப்புக்குப் போவது என்று அவருடைய நாள் துண்டுதுண்டாக வெட்டப்படுகிறது. ‘அழுதால் மட்டும் கவனித்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பும் பராமரிப்பாளர்’ என்ற நிலையில் அவரை வைத்திருப்பது அவருடைய குணமல்ல, நம் ஏற்பாடு. அருகில் உட்கார நேரம் தராமல், உட்காரவில்லை என்று யாரைக் குறைசொல்ல முடியும்?

தாய்க்கு என்ன ஏற்பாடு? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்புத் தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வயலிலும் வீட்டுவேலையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை என்று சொல்லிவிடலாம். தனியார் துறையில் தந்தைக்கு எந்த விடுப்பையும் இந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. குழந்தையின் முதல் ஆண்டு எவ்வளவு முக்கியம் என்று பேசுகிற அதே வாய்கள் அந்த ஆண்டை யாருடைய கூலியிலிருந்து கழிப்பது என்று வரும்போது மௌனமாகிவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நமக்குச் சாதகமான எண்களைக் கண்டதும் கார்டிசோலை நம் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றிவிடும் ஆசை எனக்கும் வருகிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்பதற்குக் குழந்தையின் உமிழ்நீர் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவர் வேலை செய்கிறார் என்பதே போதும். குழந்தைகளின் கார்டிசோலில் ஒரு மாற்றமும் இல்லை என்று நாளை ஓர் ஆய்வு வந்தாலும் அவருடைய ஊதியம் நியாயமானதாகவே இருக்க வேண்டும். அதேபோல, ஆர்க்கிட் என்ற சொல் பள்ளிகளின் கையில் இன்னொரு முத்திரையாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஐந்து வயதில் ஒரு குழந்தையின் நெற்றியில் எதை ஒட்டினாலும் அதை உரிப்பது கடினம்.

என் மகளின் வாந்தி எப்படி நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ஆசிரியை பாட்டுச் சொல்வதைத் தனித்தனியாக மேடையில் வைப்பதை நிறுத்திவிட்டார். நான்கு நான்கு பேராக, தரையில் வட்டமாக உட்கார்ந்து சொல்ல வைத்தார். பயந்த குழந்தையின் பக்கத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார். இரண்டு மாதத்தில் வாந்தி நின்றுவிட்டது. அந்த இரண்டு மாதமும் நான் அதே வேலைக்குப் போய், அதே நேரத்துக்குத்தான் வீடு திரும்பினேன்.

இன்று யாராவது ஒரு தாயை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, “நீங்க வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டால், அவள் திருப்பிக் கேட்பதற்கு இந்த ஆய்வுகளிலிருந்தே ஒரு கேள்வி இருக்கிறது: “அவ மேடையேறும்போது பக்கத்துல யார் இருப்பாங்க, டீச்சர்?” குற்றம் சுமத்துவதற்காகக் கேட்கும் கேள்வியல்ல இது. அந்த டீச்சரின் வகுப்பில் எத்தனை குழந்தைகள், அவருக்குச் சம்பளம் என்ன, அவருடைய குழந்தை அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே இருவரும் பேசத் தொடங்கலாம்.